டிரைபாட் தலை: பெட்டியில் போட்ட கிலோவை நம்பாதீர்கள்

[காட்சி: மொட்டை மாடி, அந்தி நேரம். டிரைபாடில் கேமரா. தொலைவில் ஒரு கோயில் கோபுரம்.]

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். முதன்முதலில் டிரைபாட் வாங்கியபோது நான் அதை மறந்துவிட்டேன். கால்களுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, கேமராவைத் தாங்கும் தலைக்குக் கடையில் இருந்ததிலேயே மலிவானதை எடுத்தேன். கடையில் இதை 'ஹெட்' என்று கேட்டால்தான் புரியும். பெட்டியின் மேல் '8 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தது. என் கேமராவும் 70-200 மி.மீ. என்ற நீளமான ஜூம் லென்சும் சேர்ந்தாலும் அதில் பாதிகூட வராது. பிறகென்ன கவலை?

அன்று சாயங்காலம் கோபுரக் கலசங்களை ஃபிரேமின் மேல் ஓரத்தையொட்டி வைத்து, திருகை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். கலசங்களைக் காணோம். மறுபடி வைத்தேன், இன்னும் பலமாக இறுக்கினேன். மறுபடியும் கேமரா மூக்கைத் தொங்கப்போட்டது. கடைசியில் எவ்வளவு தொங்கும் என்று கணக்குப் போட்டு, சற்று மேலே குறிவைத்து இறுக்கப் பழகினேன். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

[காட்சி: பால் ஹெட் ஒன்றின் அண்மைக் காட்சி. திருகு இறுகுகிறது.]

இது பால் ஹெட். உள்ளே ஓர் உலோகப் பந்து, அதைக் கவ்விப் பிடிக்க ஒரு கிண்ணம், கவ்வலை இறுக்க வெளியே ஒரு திருகு. அவ்வளவுதான். பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளக்கிறது. அதனால் ஒரு நிறுவனத்தின் 8 கிலோவும் இன்னொன்றின் 8 கிலோவும் ஒன்றல்ல. அதைவிட முக்கியமானது, சுமை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடக்கலாம். அதே குடத்தை நீட்டிய கையில் பிடித்தால் ஒரு நிமிடம் தாங்காது. நீளமான லென்சை முன்னால் நீட்டி வைத்த கேமரா அந்த நீட்டிய கை.

இறுக்கிய பிறகு வெறும் 0.1 டிகிரி சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் முழு ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டிருந்தால், படம் சுமார் 7 பிக்சல் நகரும். யாரும் கவனிக்க மாட்டார்கள். 200 மி.மீ. என்றால் ஏறத்தாழ 58 பிக்சல். அகலக் காட்சி மட்டும் எடுப்பவருக்கு மலிவான தலை போதுமானதாகத் தோன்றுவதும், அதையே நம்பி ஜூம் வாங்கியவர் தலையில் கைவைப்பதும் இதனால்தான்.

ஆகவே விவரப் பட்டியலில் கிலோவுக்கு முன்னால் பந்தின் விட்டத்தைத் தேடுங்கள். பந்து பெரிதானால் அதே இறுக்கத்துக்குப் பிடிமானம் கூடும். கேனான் 1500டி போன்ற கேமராவும் 18-55 லென்சும் சேர்ந்து முக்கால் கிலோகூட வராது, 30 மி.மீ. பந்து போதும். 70-200 வைத்திருப்பவர் 40 மி.மீ.க்குக் கீழே இறங்காமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

[காட்சி: கடை மேசை. கேமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிய காட்சி.]

கடைக்குப் போகும்போது உங்களிடமுள்ள மிக நீளமான லென்சைக் கையோடு கொண்டுபோங்கள். தலையில் மாட்டி, கேமராவைச் சாய்த்து, லைவ் வியூவில், அதாவது பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியில், பத்து மடங்கு பெரிதாக்கி, எதிர்ச்சுவரில் உள்ள ஏதாவதோர் எழுத்தை நடுவில் வையுங்கள். சாதாரணமாக இறுக்குங்கள், பல்லைக் கடிக்க வேண்டாம். கையை எடுத்ததும் எழுத்து எவ்வளவு நகர்கிறது? கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அந்த நகர்வுதான் நீங்கள் பேரம் பேச வேண்டிய சரக்கு.

திருகுகளையும் எண்ணிப் பாருங்கள். பந்தை இறுக்க ஒன்று, பக்கவாட்டில் சுழல்வதை நிறுத்த ஒன்று, உராய்வைக் கூட்டிக் குறைக்க ஒன்று. மூன்றாவது இல்லாவிட்டால், திருகைத் தளர்த்திய கணத்தில் கேமரா தடாலென்று சாயும்.

கேமராவின் அடியில் மாட்டும் தட்டு ஆர்க்கா-ஸ்விஸ் வகையாக இருக்கட்டும். ஓரங்கள் சரிவாகச் சீவிய, சுமார் 38 மி.மீ. அகலமுள்ள இந்தத் தட்டைப் பல நிறுவனங்களும் செய்கின்றன. நாளைக்குத் தலையை மாற்றினாலும் தட்டு வீணாகாது. ஆனால் அகலத்தில் நூலிழை வித்தியாசம் உண்டு. பல நிறுவனத் தட்டுகளைக் கலந்து பயன்படுத்துபவருக்கு, தலையில் தட்டைக் கவ்வும் நெம்புகோல் பிடியைவிடத் திருகுப் பிடியே நம்பகமானது.

கையில் உள்ள பணம் மிகக் குறைவா? அப்படியானால் மலிவான பால் ஹெட்டைவிட, கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும் மூவழித் தலையைப் பாருங்கள். கனம்தான், பையில் இடத்தையும் அடைக்கும். ஆனால் ஒவ்வொரு திசையையும் தனித்தனியாகப் பூட்டலாம். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளே மின்னணுச் சங்கதி எதுவும் இல்லை, உலோகம் சீக்கிரம் கெடாது. உங்கள் கால்களின் உச்சியில் 3/8 அங்குலத் திருகு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். தலையும் காலும் ஒன்றாகவே வார்த்த டிரைபாடுகளில் எதையும் மாற்ற முடியாது.

[காட்சி: கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. ஓரத்தில் ஒரு சிறிய எல்.ஈ.டி. விளக்கு.]

அந்த 8 கிலோ தலையை நான் தூக்கி எறியவில்லை. கால் கிலோகூட இல்லாத இந்த விளக்கை இப்போது அதுதான் ஏந்தி நிற்கிறது. இதுவரை தொங்கவில்லை.