1000 அடிக்குள் எந்த அட்டை செல்லும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் ஒருவர் தாம் குடியிருக்காத மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வாங்குவது இன்றைக்கும் தேவையா, வீண் செலவா என்பது நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. தேவைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் நான்கு காரணம் அடுக்கினார். 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்றார். மற்ற மாநிலங்களில் பல, நம் சொந்த மாநிலத்து உரிமத்தையே ஏற்கின்றன என்றார். வழியில் கடந்து போவதற்கு 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது என்றார். கடைசியாக நியூ ஜெர்சி வழக்கு ஒன்றைக் காட்டி, உரிமம் இருந்தும் ஜெயிலுக்குப் போனார்களே என்று கேட்டார். நான்கும் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

29 என்ற கணக்கு சரி. 2024-இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்த பிறகு வந்த எண்ணிக்கை அது. ஆனால் நடுவர் அவர்களே, அந்த 29-ம் மாநிலச் சட்டம். ஒருவர் காரில் போகும்போது மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் சேர்ந்துதான் அவர் மேல் இருக்கின்றன. பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து 1000 அடி, அதாவது சுமார் 300 மீட்டருக்குள் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். 1990-இல் முதலில் வந்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திருத்தி மறுபடி கொண்டுவந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. தண்டனை 5 ஆண்டு வரை. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, தேவாலயப் பள்ளி எல்லாமே கணக்கு.

இதற்கு விலக்கு என்ன? தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டிக்குள் வைத்திருந்தால் விலக்கு. தனியார் நிலத்துக்குள் இருந்தால் விலக்கு. இவை போக, மறைத்து எடுத்துச் செல்லும் சாதாரண மனிதருக்கு உதவக்கூடியது ஒன்றே ஒன்று. சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள்: அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் அவருக்கு உரிமம் கொடுத்திருக்க வேண்டும், கொடுப்பதற்கு முன் அவர் தகுதியானவர்தானா என்று போலீஸ் சரிபார்த்திருக்க வேண்டும். "அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம்" என்ற சொற்களில்தான் இந்த வழக்கே இருக்கிறது. வேறு மாநிலம் கொடுத்த உரிமத்தை இந்த மாநிலம் ஏற்றுக்கொண்டிருந்தாலும், அது "கொடுத்த உரிமம்" ஆகாது என்பதுதான் மத்திய ஆயுத அமைப்பான ஏ.டி.எஃப். எடுத்திருக்கும் நிலை.

ஒரு பயணத்தைப் பார்ப்போம். ஐடஹோ மாநிலம் பாய்ஸியில் குடியிருப்பவர், ஐடஹோ உரிமத்தோடு சால்ட் லேக் சிட்டிக்குக் கிளம்புகிறார். ஐடஹோவிலும் உரிமம் கட்டாயமில்லை, யூட்டாவிலும் 2021 மே முதல் கட்டாயமில்லை. ஐடஹோ உரிமத்தை யூட்டா ஏற்கிறது. எதிரணி சொன்ன இரண்டு வாதமும் இவருக்குப் பொருந்துகின்றன. நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிறார். முதல் சிக்னலில் இடப்பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி, மஞ்சள் விளக்கோடு வேகக் கட்டுப்பாட்டுப் பலகை. இடுப்பில் துப்பாக்கி, உள்ளே தோட்டா. யூட்டா சட்டப்படி அவர் செய்தது எதுவும் தப்பில்லை. மத்தியச் சட்டப்படி, அந்த 1000 அடியை அவர் தாண்டும் வரை குற்றம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நகரத்தில் பள்ளிகளைச் சுற்றி 1000 அடி வட்டம் போட்டுப் பாருங்கள். வட்டத்தில் சிக்காமல் ஒரு ஹோட்டலுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. அவர் பர்ஸில் யூட்டாவே கொடுத்த உரிம அட்டை இருந்தால் அந்த விலக்கு அவருக்குக் கிடைக்கும்.

"இதற்காக யாரைப் பிடிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். அடிக்கடி பிடிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023-இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில், பள்ளிக்கு எதிரே குடியிருந்த ஒருவர் மேல் இதே சட்டத்தில் வழக்கு போட்டார்கள். 2025-இல் மேல்முறையீட்டில்தான் அவருக்கு விடிவு வந்தது. நடுவே இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடத்தின் வக்கீல் செலவோடு ஒப்பிட்டால் உரிமத்துக்கான கட்டணம் எம்மாத்திரம்?

மாநிலச் சட்டத்துக்குள்ளேயே பாருங்கள். அரிசோனா 2010-லேயே உரிமக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் மது பரிமாறும் உணவகத்துக்குள் மறைத்த துப்பாக்கியோடு நுழைய அங்கே உரிமம் வேண்டும். உள்ளே போனவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது, வாசலில் தடைப் பலகை இருந்தால் அதுவும் முடியாது என்பது வேறு விஷயம். குடும்பத்தோடு சாப்பிடப் போகிறவர், உரிமம் இல்லையென்றால் துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டு வர வேண்டும். காரில் விடும் துப்பாக்கி திருட்டுப் போகும். இது தெரிந்தவர்களுக்கு அட்டையின் மதிப்பு தெரியும்.

அடுத்தது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரியென்றால், நடுவில் இருக்கும் மாநிலத்தைக் கடந்து போகலாம். தோட்டா இல்லாமல், எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும். முன்சீட்டு டிராயரும் நடுவில் இருக்கும் கன்சோலும் பூட்டியிருந்தாலும் செல்லாது. இவ்வளவும் சரியாகச் செய்தவருக்கு என்ன ஆனது தெரியுமா? 2005-இல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் புறப்பட்டார். துப்பாக்கியை முறைப்படி அறிவித்து, பூட்டி, லக்கேஜில் போட்டார். நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்புப் பயணம் தவறியது. பெட்டியை வாங்கிக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார், கைது செய்தார்கள். பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஹோட்டல் அறையில் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, எனவே 1986 சட்டத்தின் காப்பு இல்லை. விமானம் தாமதமானால் உடைந்துபோகும் காப்பை நம்பச் சொல்கிறது எதிரணி.

இப்போது நியூ ஜெர்சிக்கு வருகிறேன். 2013 அக்டோபரில், பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த இரண்டு குழந்தைகளின் தாய் நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிப் போனார். லேன் மாறியதற்காக நிறுத்தினார்கள். துப்பாக்கியும் உரிமமும் இருக்கின்றன என்று தாமாகவே சொன்னார். கைது. குறைந்தது மூன்றரை ஆண்டுச் சிறை என்ற நிலை. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னித்த பிறகுதான் முழுதாக வெளியே வந்தார். இதைக் காட்டி "உரிமம் வீண்" என்கிறார்கள். நடுவர் அவர்களே, அவரிடம் இருந்தது பென்சில்வேனியா உரிமம். நியூ ஜெர்சி எந்த வெளிமாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. இருந்த உரிமத்தால் அவர் சிக்கவில்லை, அந்த மண்ணின் உரிமம் இல்லாததால் சிக்கினார். என் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டாம்.

சரி, எப்படி வாங்குவது? வாங்குவது பெரும்பாடு என்று சொல்லி மக்களைப் பயமுறுத்துகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யூட்டாவில் இதைக் கொடுப்பது பொதுப் பாதுகாப்புத் துறையின் குற்ற அடையாளப் பிரிவு. வயது 21. அவர்கள் சான்று கொடுத்த பயிற்றுநரிடம் நேரில் உட்கார்ந்து வகுப்பு முடிக்க வேண்டும், ஆன்லைன் வகுப்பு செல்லாது. அந்தப் பயிற்றுநர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள், அதற்காக யூட்டாவுக்குப் போக வேண்டியதில்லை. வகுப்பு முடிந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படம், டிரைவிங் லைசென்ஸ் நகல், கைரேகை அட்டை. வெளிமாநிலத்தவர் தடுக்கி விழுவது 2011-இல் வந்த நிபந்தனையில்: உங்கள் சொந்த மாநிலம் யூட்டா உரிமத்தை ஏற்கிறது என்றால், சொந்த மாநில உரிமத்தை முதலில் வாங்கி அதன் நகலை இணைக்க வேண்டும். நம் ஐடஹோக்காரர் "எங்கள் ஊரில்தான் உரிமமே வேண்டாமே" என்று வெறுங்கையோடு விண்ணப்பித்தால் திரும்பி வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அவர்கள் சட்டம். உரிமம் 5 ஆண்டு செல்லும்.

கைரேகை அட்டையைச் சிறிய விஷயம் என்று நினைக்கிறார்கள். அது சரியில்லையென்றால் விண்ணப்பம் தாமதமாகும். எஃப்.பி.ஐ.யின் எஃப்டி-258 என்ற அட்டை. விரலை ஒரு நக ஓரத்திலிருந்து மறு நக ஓரம் வரை ஒரே உருட்டாக உருட்ட வேண்டும். திரும்ப உருட்டினால் ரேகை இரட்டையாகும். மை அதிகமானால் ரேகைகளுக்கு நடுவே உள்ள பள்ளம் நிரம்பிக் கறுப்புத் திட்டாகிவிடும். வியர்க்கும் கையை ஆல்கஹால் வைத்துத் துடைக்க வேண்டும். சிமென்ட், சோப்பு, காகிதத்தில் வேலை செய்து ரேகை தேய்ந்த கைக்குக் கொஞ்சம் க்ரீம் தடவித் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அட்டை எடுத்து, ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மடிக்காமல் அட்டைத் தாங்கல் வைத்து அனுப்புங்கள். மேலே பெயர் டிரைவிங் லைசென்ஸில் உள்ளது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறிக் கிடக்கும் நம்மவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

நம்மவர்கள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் விண்ணப்பிக்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், மிகக் குறுகிய சில விலக்குகள் தவிர, துப்பாக்கியை வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. நண்பர் வகுப்புக்குக் கூப்பிட்டார் என்று அவர்கள் இந்த வரிசையில் நிற்க வேண்டாம். போவது விசா மட்டுமாக இருக்காது.

ஃப்ளோரிடாவில் உரிமம் கொடுப்பது வேளாண் துறை. பலருக்கு இது வியப்பாக இருக்கும். புதிய உரிமத்துக்கு 97 டாலர்: உரிமத்துக்கு 55, கைரேகைச் சோதனைக்கு 42. 7 ஆண்டு செல்லும். பயிற்சிச் சான்றிதழில்தான் இங்கே கோட்டை விடுகிறார்கள். நீங்கள் நிஜத் தோட்டா சுட்டதைப் பயிற்றுநர் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்கிறது அவர்கள் சட்டம். டெக்சாஸில் 4 முதல் 6 மணி நேர வகுப்பு, பிறகு 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 40 டாலர், முதல் உரிமம் 4 ஆண்டு.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், தம் ஊரில் மறுக்கப்பட்டவர்கள் ஃப்ளோரிடாவில் வாங்கி வந்து சொந்த ஊரிலேயே காட்டினார்களே என்று மேடையேறப் போகிறார் என்று நினைக்கிறேன். உண்மைதான், ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. 2013-இல் பென்சில்வேனியா, ஃப்ளோரிடாவோடு இருந்த ஒப்பந்தத்தை மாற்றி, ஃப்ளோரிடாவில் குடியிருப்பவரின் உரிமம் மட்டுமே செல்லும் என்று அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. கொலராடோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களும் உரிமம் கொடுத்த மாநிலத்தில் குடியிருப்பவரைத்தான் ஏற்கின்றன. யூட்டாவோ உரிமம் வைத்திருப்பவரின் குற்றப் பின்னணியைத் தினமும் சரிபார்க்கிறது. ஆகவே 30 மாநிலத்தில் செல்லும் என்று விளம்பரம் செய்பவரிடம் ஏமாந்து ஒரு அட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த மாநிலத்துக்கு அடிக்கடி போகிறீர்களோ, அந்த மாநிலத்திடமே கேட்டு வாங்குங்கள் என்கிறேன். ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்து உரிமத்தை ஒத்துக்கொள்ளும் ஏற்பு என்பது ஒப்பந்தம். 2015 டிசம்பரில் வர்ஜீனியா 25 மாநிலங்களோடு இருந்ததை முறிப்பதாக ஒரே நாளில் அறிவித்தது. அடுத்த மாதமே அரசியல் உடன்பாட்டில் முடிவு மாறியது. நடுவில் தவித்தவர்கள் ஏற்பை நம்பியிருந்த பயணிகள். வர்ஜீனியா போலீஸே கொடுத்த வெளிமாநிலத்தவர் உரிமத்தை வைத்திருந்தவருக்கு அந்தக் கவலையே இல்லை.

கதவுகளும் திறந்துகொண்டிருக்கின்றன. 2022 ஜூன் 23-இல் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சட்ட உரிமை என்று புரூன் வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் நியூயார்க் நகரம் வெளிமாநிலத்தவர் விண்ணப்பத்தை வாங்கத் தொடங்கியது. ஒரு மாநில உரிமத்தை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்று நாடு முழுக்க ஒரே சட்டம் வரும், காத்திருங்கள் என்றும் சொல்வார்கள். அந்த மசோதா 2017 டிசம்பரில் 231-க்கு 198 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் அப்படியே நின்றுபோனது.

நேரம் முடிவதாக மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி. சால்ட் லேக் சிட்டியில் அந்தப் பள்ளிக்கு எதிரே சிக்னலில் நிற்கும் ஐடஹோக்காரரிடம், யூட்டா கொடுத்த அட்டையைத் தவிர வேறு எதை நீட்டச் சொல்வீர்கள்?