தீவனச் சாக்குக்குள் வண்டு வரும் வழி

நேயர்களுக்கு வணக்கம்.

நாய்க்கும் பூனைக்கும் போடும் உலர் தீவனத்தைப் பெரிய சாக்காக வாங்கினால் கிலோவுக்குக் கொஞ்சம் மிச்சமாகும். பாதி தீர்ந்திருக்கும்போது ஒரு நாள் அள்ளுகிறோம். உருண்டைகள் நூலில் கோத்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. கிளறினால் அடியில் மாவுத்தூள், அதில் ஏதோ ஊர்கிறது. உடனே கடைக்காரர்மேல் கோபம் வரும். தப்பு அவர்பக்கம் இருக்கலாம், நம் அலமாரிக்குப் பின்னாலும் இருக்கலாம்.

இந்த உருண்டைகள் ஆலையில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ வெந்துதான் வெளியே வருகின்றன. அந்தச் சூட்டில் எந்த முட்டையும் பிழைக்காது. பூச்சி சேர்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்: மூட்டை கட்டும் இடம், கிடங்கு, லாரி, கடை, வீடு. சாக்கைத் தைத்த ஊசித்துளையே போதும், அப்போதுதான் பொரித்த புழு அதில் நுழைந்துவிடும்.

நூல் நூற்பது அந்துப்பூச்சியின் புழு. இறக்கையின் முன்பாதி வெளிறியும் பின்பாதி செம்புநிறமாகவும் இருக்கும் பூச்சி அது. பறக்கும் பூச்சி தீவனத்தைத் தொடாது, தின்பதெல்லாம் புழுதான். ஒரு பெண்பூச்சி 100 முதல் 400 முட்டைவரை இடும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் முட்டை வளர்ந்து, அதுவும் முட்டையிடும் பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். வண்டுகளின் வழி வேறு. ரம்பப்பல் வண்டு 3 மில்லிமீட்டர்கூட இருக்காது, தட்டையான உடம்பு. உறையைத் துளைக்கத் தெரியாது, ஆனால் எந்த இடுக்கிலும் புகும். சிகரெட் வண்டோ உறையையே குடைந்துகொண்டு போய்விடும்.

அந்த ஒரு மாதக் கணக்கை வைத்துத்தான் சாக்கின் அளவை முடிவுசெய்யச் சொல்வேன். உள்ளே வந்த நாலைந்து முட்டை நூற்றுக்கணக்காகப் பெருகுவதற்குள் சாக்கு காலியாகிவிட வேண்டும். சின்னப் பூனை ஒன்றுக்கு 20 கிலோ சாக்கு எதற்கு? மிச்சம் பிடித்த காசு குப்பையில்தான் போகும்.

அடுத்து டப்பா. மூடியில் ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள். வெறுமனே கவிழ்த்து மூடும் டிரம் எலியைத் தடுக்கலாம், வண்டைத் தடுக்காது. தீவனத்தை டப்பாவில் கொட்டாமல் சாக்கோடு இறக்கி, வாயைச் சுருட்டிக் கட்டுங்கள். உருண்டைமேல் தெளித்த கொழுப்பு பிளாஸ்டிக்கில் படிந்து சிக்கடிக்கும். சாக்கில் அச்சிட்ட தொகுதி எண்ணும் ஒரு நாள் தேவைப்படலாம். பழையது தீராமல் அதன்மேல் புதியதைக் கொட்டவே கூடாது. அடியில் தங்கும் அந்தத் தூள்தான் பூச்சிக்கு நாற்றங்கால்.

உறைபெட்டியில் இடமிருந்தால் நல்லது. சிறுசிறு பையாகப் பிரித்து, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாளுக்குக் குறையாமல் வைத்தால் முட்டையும் சாகும். முழுச்சாக்கை அப்படியே திணித்தால் நடுப்பகுதி குளிர்வதற்கே நாளாகும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். குளிர் முழுக்கத் தணியட்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தீவனத்தின்மேல் எதையும் அடிக்காதீர்கள். தானியக் கிடங்கில் வைக்கும் புகைமாத்திரை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு வீட்டிலிருக்கும் மனிதரையே கொன்றுவிடும்.

பூச்சி விழுந்துவிட்டதென்றால், சாக்கை இறுகக் கட்டி அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரமே இல்லாமல் காயவையுங்கள். அலமாரி இடுக்கு, தட்டுகளைத் தாங்கும் ஆணித்துளை எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அந்தக் குப்பையையும் வெளியே போடுங்கள். அப்படியே அண்ணாந்தும் பாருங்கள். கூடுகட்டும் பருவம் வந்ததும் அந்துப்புழு தீவனத்தை விட்டு ஊர்ந்து, சுவரும் கூரையும் சேரும் மூலைக்குப் போய்விடும். சாக்கை எறிந்து மூன்று வாரம் கழித்து ஒரு பூச்சி பறந்தால், அது பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான். அதுவரை புதுச் சாக்கு வாங்காமல், சின்னப் பொட்டலத்தில் ஓட்டுங்கள்.