ஒரே என்ஜினின் மூன்று பிறவிகள்: டக்ஸ்ஃபோர்டு விமானத்தளத்தில் ஒரு நாள்

வணக்கம், நண்பர்களே. எனக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் இந்த ஓடுபாதை, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்குச் சற்றுத் தெற்கே உள்ள, இன்று விமான அருங்காட்சியகமாக இருக்கும் டக்ஸ்ஃபோர்டு விமானத்தளத்தினுடையது. காற்று பலமாக வீசுகிறது. ஒலிவாங்கியின்மேல் பஞ்சுறை மாட்டியிருந்தாலும் அவ்வப்போது இரைச்சல் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப்போரில் பெயர்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதற்கு நியாயமும் இருக்கிறது. 1938 ஆகஸ்ட் 4 அன்று, பிரிட்டிஷ் விமானப்படைக்கு வழங்கப்பட்ட முதல் ஸ்பிட்ஃபயரைச் சோதனை விமானி ஜெஃப்ரி குவில் ஓட்டி வந்து, அப்போது வெறும் புல்தரையாக இருந்த இந்தத் தளத்தில் இறக்கி, 19ஆம் படைப்பிரிவிடம் ஒப்படைத்தார். ஆனால் நான் இன்று தேடி வந்திருப்பது ஸ்பிட்ஃபயரை அல்ல, ஒரு என்ஜினை. அதன் பெயர் ஒலிம்பஸ். அந்த ஒரே என்ஜின் குடும்பத்தால் இயங்கிய மூன்று விமானங்கள் இங்கே ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன. அவற்றில் ஒன்று குண்டுவீச்சு விமானம். ஒன்று தரையைவிட்டு எழும்பவே இல்லை. ஒன்று ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்தது. மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் 1950களிலிருந்து 1970கள் வரையிலான பிரிட்டிஷ் விமானத் தொழிலின் கதை ஏறக்குறைய முழுவதும் பிடிபட்டுவிடும் என்பது என் எண்ணம்.

உள்ளே போவதற்கு முன், இந்த இடத்தைப் பற்றி இரண்டு சொல். முதல் உலகப்போரின் முடிவில், 1918இல், இது பயிற்சித் தளமாகத் தொடங்கியது. அதோ தெரியும் வளைந்த கூரை கொண்ட ஹேங்கர்கள், அதாவது விமானக் கொட்டகைகள், அந்தக் காலத்தவை. மரச் சட்டங்களைப் பின்னி எழுப்பிய கூரை அது. அவற்றோடு நின்ற இன்னொரு ஹேங்கர் எதிரியின் குண்டுக்குத் தப்பிவிட்டது. 1968இல் ஒரு போர்த் திரைப்படத்தின் படப்பிடிப்புக்காக அதை உண்மையாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். வரலாற்றைப் படமாக்குவதற்காக வரலாற்றின் ஒரு துண்டைக் கொளுத்தியிருக்கிறார்கள், என்ன சொல்ல!

1940 கோடையில் போர்விமானி டக்ளஸ் பேடர் தன் 242ஆம் படைப்பிரிவோடு இங்கிருந்து பறந்தார். பல படைப்பிரிவுகளை ஒன்றுசேர்த்து ஒரே பெருங்கூட்டமாக எதிரியை மோதும் உத்திக்கு இதுவே களம். 1943 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவின் 78ஆம் போர்விமானக் குழு தண்டர்போல்ட் விமானங்களோடு இங்கே குடியேறியது. இவற்றைப் பற்றி எவ்வளவோ காணொளிகள் இருக்கின்றன. அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். போரின் நடுவே இத்தளம் ஒரு சோதனைக்கூடமாகவும் இருந்தது. வான்போர் உத்திகளை வகுக்கும் மேம்பாட்டுப் பிரிவு இங்கிருந்து செயல்பட்டது. 1941 நவம்பரில், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய விமானங்களை ஓட்டிப் பார்ப்பதற்காகவே 1426ஆம் பிரிவு இங்கே உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில், குறைகள் தீராத டைஃபூன் விமானத்தை முதலில் பெற்ற 56ஆம் படைப்பிரிவும் இங்கேதான் அதனோடு மல்லுக்கட்டியது. ஆகவே, முன்மாதிரி விமானங்களுக்கு இந்த மண்ணில் இடம் கிடைத்திருப்பது பொருத்தம்தான். இன்னொரு பொருத்தமும் உண்டு: ஜெட் என்ஜினின் பிரிட்டிஷ் தந்தையான ஃபிராங்க் விட்டில், கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்த 1930களில் பல்கலைக்கழக விமானப் பிரிவின் சார்பில் பறந்து பழகியது இதே தளத்தில்.

சரி, இப்போது பெரிய காட்சிக்கூடத்துக்குள் வந்துவிட்டோம். கேமராவை மெதுவாகத் திருப்புகிறேன். இடப்பக்கம் நிற்பது லாங்காஸ்டர், நான்கு பிஸ்டன் என்ஜின்கள் கொண்ட போர்க்காலக் குண்டுவீச்சு விமானம். அதை வடிவமைத்தவர் ஆவ்ரோ நிறுவனத்தின் ராய் சாட்விக். அந்த முக்கோணச் சிறகு கொண்ட வல்கனையும் மனத்தில் உருவாக்கியவர் அவரேதான். அது பறப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1947இல் ஒரு சோதனைப் பறப்பு விபத்தில் இறந்துபோனார். லாங்காஸ்டர் முதலில் பறந்தது 1941இல், வல்கன் முதலில் பறந்தது 1952இல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். இடையில் இருப்பது பதினோரு ஆண்டுகள் மட்டுமே!

நான் சொன்ன மூன்று விமானங்களில் முதலாவது இந்த வல்கன்தான். இதன் எண் எக்ஸ்.ஜே.824. இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நான்கு ஒலிம்பஸ் என்ஜின்கள் அந்தச் சிறகின் வேர்ப்பகுதிக்குள் புதைந்திருக்கின்றன. வெளியே தெரிவது காற்று நுழையும் வாயும் புகை வெளியேறும் குழாய்களும்தான்.

ஒலிம்பஸில் அப்படி என்ன புதுமை என்று கேட்பீர்கள். ஜெட் என்ஜினின் முன்பகுதியில் காற்றை அழுத்தும் விசிறி அடுக்குகள் இருக்கும். எல்லா அடுக்குகளும் ஒரே தண்டில் கோக்கப்பட்டிருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். என்ஜின் மெதுவாக ஓடும்போது, முன் அடுக்குகள் உள்ளே தள்ளும் காற்றைப் பின் அடுக்குகளால் விழுங்க முடியாமல் காற்று திமிறி, என்ஜினே விக்கிப்போகும். ஆகையால் பிரிஸ்டல் நிறுவனத்துப் பொறியாளர்கள் அழுத்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் சுழல்வது போல இரண்டு தண்டுகளை வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி டர்பைன், அதாவது வெளியேறும் சூடான வாயுவால் சுழலும் சக்கரம், இயக்கும்படி செய்தார்கள். இரு பகுதிகளும் தத்தமக்கு ஏற்ற வேகத்தில் சுழன்றன. 1950 மே மாதம் முதன்முதலாக இயக்கப்பட்டபோது அதன் உந்துவிசை சுமார் 9,000 பவுண்டு. இந்த வல்கன் ரகத்துக்கு வந்து சேர்ந்தபோது அது 17,000 பவுண்டு ஆகியிருந்தது.

வல்கன்கள் அணுகுண்டு சுமப்பதற்காகக் கட்டப்பட்டவை. அந்த வேலைக்கு அவை ஒருநாளும் அழைக்கப்படவில்லை. பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த 1982இல், அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரின்போதுதான், எக்ஸ்.எம்.607 என்ற வல்கன் அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பி, விக்டர் எரிபொருள் விமானங்கள் ஒன்றுக்கொன்று வானிலேயே எரிபொருள் ஊட்டித் தொடர்ந்துவர, ஸ்டான்லி விமானத்தளத்தின்மேல் சாதாரணக் குண்டுகளை வீசித் திரும்பியது.

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த வெள்ளை விமானத்தைப் பாருங்கள். டி.எஸ்.ஆர்-2, தாக்குதலுக்கும் உளவுக்குமாகத் திட்டமிடப்பட்ட பிரிட்டிஷ் விமானம். உடல் முழுவதும் பெட்டி போல நீண்டிருக்கிறது. சிறகோ அளவில் மிகச் சிறியது, முனைகள் கீழ்நோக்கி மடிந்திருக்கின்றன. தரையிலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்திலேயே, மேடுபள்ளங்களை ரேடாரால் தடவிக்கொண்டே, ஒலியின் வேகத்தில் எதிரி நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது இதற்கு வைக்கப்பட்ட நிபந்தனை. அடர்ந்த காற்றில் அந்த வேகத்தில் பெரிய சிறகு இருந்தால் குலுக்கலில் விமானியின் எலும்பு கழன்றுவிடும். எனவே சிறிய சிறகு. சிறிய சிறகால் குறுகிய ஓடுபாதையில் எழ முடியாது; எனவே என்ஜினிலிருந்து காற்றை எடுத்துச் சிறகின் மடிப்புகள்மேல் ஊதிவிட்டார்கள். ஒரு நிபந்தனை இன்னொரு சிக்கலைப் பெற்று, அந்தச் சிக்கல் செலவைப் பெற்று, கடைசியில் செலவு இந்த விமானத்தை விழுங்கியது.

என்ஜினும் எளிதில் வழிக்கு வரவில்லை. 30,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசை தரும் புதிய ஒலிம்பஸை, ஒரு வல்கனின் வயிற்றுக்கடியில் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். 1962 டிசம்பரில் ஃபில்டனில் தரையில் இயக்கிப் பார்த்தபோது டர்பைன் தட்டு பிய்த்துக்கொண்டு பறந்து, எரிபொருள் தீப்பிடித்து, அந்த வல்கன் அங்கேயே எரிந்து சாம்பலானது. அணைக்க வந்த தீயணைப்பு வண்டியும் தப்பவில்லை. என்ஜினின் கோளாறு முழுமையாகத் தீரவில்லை என்று தெரிந்தே, 1964 செப்டம்பர் 27 அன்று சோதனை விமானி ரோலண்ட் பீமண்ட் முதல் விமானமான எக்ஸ்.ஆர்.219ஐ போஸ்கம் டவுனிலிருந்து மேலே எழுப்பினார். தொடக்கப் பறப்புகளில் எரிபொருள் பம்ப் ஒன்றின் அதிர்வு, மனிதக் கண்விழி எந்த அதிர்வெண்ணில் ஆடுமோ சரியாக அதே அதிர்வெண்ணில் அமைந்துவிட, விமானிக்குக் கண் மங்கியது. ஒரு என்ஜினின் வேகத்தைக் குறைத்த பிறகே பார்வை தெளிந்தது. சக்கரங்களோ பத்தாவது பறப்பில்தான் ஒழுங்காக உள்ளே மடங்கின.

ஆனாலும் இதன் ஆற்றலுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1965 பிப்ரவரியில் பதினான்காவது பறப்பில், ஒரே ஒரு என்ஜினின் ஆஃப்டர்பர்னரை (புகைக் குழாயில் கூடுதல் எரிபொருளை எரித்து விசை கூட்டும் அமைப்பு) மட்டும் பற்றவைத்துக்கொண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிச் சென்றபோது, துணைக்குப் பறந்த லைட்னிங் போர்விமானம் பின்தங்கிப்போய், எட்டிப் பிடிக்க இரண்டு ஆஃப்டர்பர்னர்களையும் பற்றவைக்க வேண்டியதாயிற்று.

லைட்னிங் என்றதும் ஒன்று சொல்லாமல் நகர முடியாது, ஏனெனில் அந்த ரகத்தில் ஒரு விமானமும் இதே தளத்தில்தான் இருக்கிறது: எக்ஸ்.எம்.135. 1966 ஜூலையில், ஹோல்டன் என்ற பொறியியல் அதிகாரி, மின்கோளாறு ஒன்றைக் கண்டுபிடிக்க இதைத் தரையில் சற்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிறிய பயிற்சி விமானங்களை ஓட்டித்தான் பழக்கம். கைதவறி விசைப்பிடி ஆஃப்டர்பர்னர் நிலையில் சிக்கிக்கொள்ள, நிறுத்த வழியில்லாமல், தலைக்கவசம் இல்லை, காக்பிட் மூடி இல்லை, வானொலி இல்லை, வெளியே எறியும் இருக்கையும் ஊசி பூட்டிய நிலையில், மனிதர் வானத்துக்கே போய்விட்டார்! இருமுறை இறங்க முயன்று தவறி, மூன்றாம் முறை வாலை ஓடுபாதையில் இடித்தபடி இறக்கினார். சுமார் 12 நிமிடம். அவருடைய நிலையில் என்னை வைத்துப் பார்க்கவே எனக்கு வயிறு கலங்குகிறது.

டி.எஸ்.ஆர்-2க்குத் திரும்புவோம். 1965 ஏப்ரல் 6 அன்று, நிதியமைச்சர் ஜேம்ஸ் கலஹன் தன் வரவுசெலவு உரையில் இத்திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தார். இரண்டாவது விமானமான எக்ஸ்.ஆர்.220 முதன்முறையாகப் பறக்க நாள் குறித்திருந்ததும் அதே நாள்தான். மொத்தம் நடந்தவை 24 பறப்புகள், எல்லாம் அந்த முதல் விமானத்துடையவை. வார்ப்புச் சட்டங்களையும் கருவிகளையும் உடைத்துப் போட உத்தரவானது. பறந்த அந்த ஒரே விமானத்தை ஷூபரினெஸ் சுடுதளத்துக்கு அனுப்பி, துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காக நிறுத்தினார்கள். ஏறக்குறைய முழு உருவில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே: காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ள எக்ஸ்.ஆர்.220, நம் முன் நிற்கும் எக்ஸ்.ஆர்.222. இரண்டும் பறக்கவே பறக்காதவை.

கைவிட்டது சரியா தவறா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ரத்தானதை அரசியல்வாதிகளின் துரோகம் என்று மட்டும் சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரே விமானத்தின் தலையில் இத்தனை நிபந்தனைகளை ஏற்றியவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால், மாற்றாக என்ன செய்தார்கள் என்று பார்த்தால் கோபம் வரத்தான் செய்கிறது. அமெரிக்காவின் எஃப்-111ஐ வாங்குவதாக ஒப்புக்கொண்டார்கள். 1968 ஜனவரியில் அதையும் ரத்து செய்தார்கள். அந்த எஃப்-111 ரகத்தில் ஒன்று இதே தளத்தின் மறுகோடியில், நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997இல் திறக்கப்பட்ட அமெரிக்கக் கூடத்தில் நிற்கிறது. வாங்க மறுத்த விமானமும் கட்டி முடிக்காத விமானமும் நடந்தே கடக்கும் தொலைவில் இருக்கின்றன.

மூன்றாவது விமானம், ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட். டி.எஸ்.ஆர்-2க்காக இத்தனை பாடுபட்டு வளர்த்த ஒலிம்பஸ் வீணாகவில்லை. அதிலிருந்தே ஒலிம்பஸ் 593 உருவாகி, அதுவும் 1966இல் வேறொரு வல்கனின் வயிற்றில் தொங்கிப் பறந்து பார்த்து, கான்கார்டில் குடியேறியது. பயணிகள் சேவைக்கு வந்தபோது ஒவ்வொரு என்ஜினும் ஆஃப்டர்பர்னரோடு 38,000 பவுண்டு உந்துவிசை தந்தது. ஆக, வெடித்து எரிந்த அந்த டர்பைனின் வாரிசுதான் பிறகு அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தது.

இந்தக் கான்கார்ட் விமான நிறுவனங்களுக்காகக் கட்டப்பட்டதன்று; 101 என்ற எண் கொண்ட முன்தயாரிப்பு விமானம், 1971 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்தது. உள்ளே வாருங்கள். சொகுசு இருக்கைகள் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக அளவீட்டுக் கருவிகள், கட்டுக் கட்டாகக் கம்பிகள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஒரு வேலையிடத்துக்குள் நுழைந்த உணர்வு. இந்தப் பொறியாளர்களைத் தூங்கவிடாமல் செய்தவற்றுள் ஒன்று காற்று நுழையும் வாய். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் வரும் காற்றை என்ஜின் அப்படியே விழுங்காது. சுமார் மூன்றரை மீட்டர் நீளத்துக்குள் அதை ஒலியின் பாதி வேகத்துக்கு அடக்கியாக வேண்டும். அதற்காக உள்ளே அசையும் பலகைகள், கணம்தோறும் நிலையை மாற்றிக்கொண்டிருந்தன. 1974 மார்ச் 26 அன்று இந்த விமானம் மாக் 2.23ஐ, அதாவது ஒலியின் வேகத்தைப் போல 2.23 மடங்கைத் தொட்டது. வேறெந்தக் கான்கார்டும் அந்த வேகத்தில் பறந்ததில்லை.

இப்போது வெளியே, ஓடுபாதையின் கிழக்குக் கோடியை நோக்கி நடந்து வந்திருக்கிறேன். வேலிக்கு அப்பால் கார்களும் லாரிகளும் விரைவது தெரிகிறதா? அது எம்-11 நெடுஞ்சாலை. ஓடுபாதையின் இந்த முனையை வெட்டிக்கொண்டு அந்தச் சாலை வரப்போகிறது என்று முடிவானதும், அதற்கு முன்பாகவே கான்கார்டைக் கொண்டுவந்துவிட வேண்டியிருந்தது. 1977 ஆகஸ்ட் 20 அன்று அது இங்கே இறங்கியது. பிறகு சாலை போடப்பட்டு, ஓடுபாதை சுமார் 1,500 மீட்டராகக் குறுகியது.

அதோ, கோபுரத்துக்கு அருகே ஒரு ஸ்பிட்ஃபயரைத் தள்ளி வருகிறார்கள். அதற்கு இந்த நீளமே தாராளம். என்ஜினைப் பற்றவைத்தால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. எனவே பேச்சை நிறுத்திவிட்டு, கேமராவை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன்.