ரெய்டு 5-லிருந்து ரெய்டு 6: டேட்டா இருந்த இடத்தில் இருக்க, அரேயை மாற்றுவது எப்படி?

(திரையில்: நான்கு டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் 4 டிபி)

வணக்கம். லினக்ஸில் நான்கு டிஸ்க்குகளை ரெய்டு 5-ஆக, அதாவது பல டிஸ்க்குகள் ஒன்றாக வேலை செய்யும் ஓர் அரேயாக, கட்டி வைத்திருக்கிறீர்கள். ஒன்று போனாலும் டேட்டா பிழைக்கும். ஆனால் அதற்குப் பதில் போட்ட டிஸ்க் முழுக்க எழுதி முடிவதற்குள் இன்னொன்றும் போனால்? எல்லாம் போச்சு. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தான நேரமும் நீள்கிறது. அதனால்தான் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-ஐ இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இதற்கு ஐந்தாவதாக ஒரு டிஸ்க் போதும். கொள்ளளவு கூடாது, அதே 12 டிபிதான். கூடுவது இரண்டாவது பேரிட்டி, அதாவது போன டிஸ்க்கின் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்.

சரி, தொடங்கும் முன் இரண்டு வேலை. முக்கியமான டேட்டாவை வெளியே ஒரு நகல் எடுங்கள். பழைய டிஸ்க்குகளில் படிக்க முடியாத செக்டார் இருக்கிறதா என்று அரே முழுவதையும் ஒருமுறை செக் ஓட்டிப் பாருங்கள்.

(திரையில்: டெர்மினல்)

லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் (mdadm) கட்டளையில் ஆட் கொடுத்தால் புது டிஸ்க் ஸ்பேராக, அதாவது உதிரியாக, சேரும். அப்புறம் குரோ: லெவல் 6, டிவைஸ் எண்ணிக்கை 5, பேக்கப் ஃபைலுக்கு ஒரு பாதை.

இந்த பேக்கப் ஃபைல்தான் பலரையும் குழப்புகிறது. இது உங்கள் டேட்டாவின் முழு நகல் அல்ல. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு ஸ்ட்ரைப்பையும் (எல்லா டிஸ்க்கிலும் பரவிய ஒரு துண்டு) படித்து, புது முறையில் அடுக்கி, அதே இடத்தின் மேலேயே எழுதுகிறது. பாதியில் கரன்ட் போனால் அந்தத் துண்டு பழையதாகவும் இருக்காது, புதியதாகவும் இருக்காது. அந்த நேரத்தில் கையில் எடுத்த துண்டு மட்டும்தான் இந்த ஃபைலில் இருக்கும். ஆகவே இதை மாற்றம் நடக்கும் அரேயிலேயே வைக்காதீர்கள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். ரீபூட்டில் அழிந்துபோகும் மெமரி ஃபோல்டரும் வேண்டாம். நடுவில் நின்றுபோனால், மறுபடி அசெம்பிள் செய்யும்போது இதே ஃபைலைக் காட்ட வேண்டும்.

லேஅவுட்டை, அதாவது டேட்டாவும் பேரிட்டியும் அடுக்கப்படும் முறையை, பிரிசர்வ் என்று கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இரண்டாவது பேரிட்டி முழுவதும் புது டிஸ்க்கிலேயே குவிந்து, ஒவ்வொரு முறை டேட்டா எழுதும்போதும் அதுவே ஓட வேண்டியிருக்கும். நாள்கணக்கில் ஆனாலும் எல்லா டிஸ்க்கிலும் பரப்பும் முழு மாற்றத்தையே நான் செய்வேன்.

(திரையில்: ப்ராக் எம்டிஸ்டாட்)

எத்தனை சதவீதம் முடிந்தது என்பதை இங்கே பார்க்கலாம். அரே வழக்கம்போல வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக. ஒழுங்காக இயங்கும் டிஸ்க்குக்கு ஒரு யூ, இன்னும் முழுமையாகாத டிஸ்க்குக்கு ஓர் அடிக்கோடு. இப்போது நான்கு யூ, கடைசியில் ஓர் அடிக்கோடு. அந்த அடிக்கோடு ஐந்தாவது யூவாக மாறும்வரை, ஒரு டிஸ்க் இழப்பை மட்டுமே தாங்கும் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள்.