கல்லுக்குக் காலம் வளைஞ்சா போதும், ஒளிக்கு இடமும் வளையணும்

எல்லாருக்கும் வணக்கம். ரப்பர் ஷீட் நடுவுல இரும்புக் குண்டை வெச்சு, அந்தக் குழியில கோலி சுத்துற வீடியோ பார்த்திருப்பீங்க, இதான் ஈர்ப்புன்னு சொல்லுவாங்க. அதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு மனக்குறை, அந்தப் படத்துல காலமே இல்ல. நம்ம கையை விட்ட கல்லு கீழ விழுதே, அதுக்குக் கிட்டத்தட்ட முழுக் காரணமும் காலம்தாங்க.

ஒரு பந்தை மேல போடுங்க. 5 மீட்டர் ஏறி திரும்ப கைக்கு வர 2 செகண்ட் ஆகும். காலத்தையும் தூரமா அளக்கணும்னா ஒரு செகண்டை ஒளி போற 3 லட்சம் கிலோமீட்டர்னு வெச்சுக்கணும், அப்ப அந்தப் பந்து காலத்துல 6 லட்சம் கிலோமீட்டர் போயிருக்கு, மேல ஏறினது வெறும் 5 மீட்டர்! கிட்டத்தட்ட நேர்கோடு. பந்தை யாரும் இழுக்கல, பூமியோட நிறை தன் பக்கத்துல இருக்குற காலத்தை ஒரு துளி மெதுவாக்குது, அந்த வளைஞ்ச காலத்துல பந்து தன் பாட்டுக்கு நேரா போகுது.

இது வெறும் பேச்சு இல்ல. ஜிபிஎஸ் சேட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது, அங்க ஈர்ப்பு கம்மிங்கறதால அதோட கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோசெகண்ட் வேகமா ஓடும், வேகமா பறக்குறதால 7 மைக்ரோசெகண்ட் பின்தங்கும், மிச்சம் 38. அதைச் சரிபண்ணாம விட்டா ஒரே நாள்ல 10 கிலோமீட்டர் அளவுக்குத் தப்பு வந்துடும்.

இப்ப ஒளிக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதான். கல்லு இடத்துல ஊர்ந்துதான் போகுது, அதனால இடம் எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. ஒளி அப்படி இல்ல, காலத்துல எவ்வளவு போகுதோ இடத்துலயும் அவ்வளவு போகுது, ரெண்டு வளைவும் அது மேல சரிபாதியா விழும்.

1911ல ஐன்ஸ்டீனுக்கே இது பிடிபடல. காலத்தை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டு, சூரியனை உரசிப் போற நட்சத்திர ஒளி 0.83 ஆர்க் செகண்ட் வளையும்னார், ஆர்க் செகண்ட்னா ஒரு டிகிரியை 3600 கூறு போட்டதுல ஒரு கூறு. அதை அளக்க ஃப்ராய்ண்ட்லிஷ்னு ஒரு ஜெர்மன் வானியலாளர் 1914 ஆகஸ்ட் கிரகணத்துக்காக கிரைமியா போனார், பாவம், முதல் உலகப்போர் ஆரம்பிச்சிடுச்சு, ரஷ்யாக்காரங்க பிடிச்சு வெச்சுட்டாங்க. அவர் மட்டும் ஒழுங்கா அளந்திருந்தா ஐன்ஸ்டீன் அப்ப சொன்னதுக்கு ரெண்டு மடங்கு வந்திருக்கும், கணக்கு தப்புன்னு உலகமே சொல்லியிருக்கும்.

1915 நவம்பர்ல இட வளைவும் சேர்ந்துச்சு, விடை 1.7க்கு வந்துச்சு. 1919 மே 29 கிரகணத்துல பிரேசிலோட சோப்ரால்ல ஒரு குழு, ஆப்பிரிக்கா பக்கம் பிரின்சிபே தீவுல எடிங்டன்னு ஒரு பிரிட்டிஷ் வானியலாளரோட குழு, ரெண்டும் இதை அளந்துச்சு. பிரின்சிபேல பாதி நேரம் மேகம், கிடைச்ச சில ஃபோட்டோ தட்டுல 1.61. சோப்ரால்ல நல்லா விழுந்த தட்டுல 1.98. ரெண்டுமே 0.83 பக்கம் இல்ல, 1.7 பக்கம்தான்.