ஃபயர்பவர்: சுடுதிறனா, ஆள்பலமா?

[திரையில்: ஃபயர்பவர்]

ராணுவச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் இது. ஃபயர் என்றால் நெருப்பு, பவர் என்றால் சக்தி, ஆக நெருப்புச் சக்தி என்று எழுதிவிடாதீர்கள். இங்கே ஃபயர் என்பது சுடுவது. வெயிலும் சுடும், துப்பாக்கியும் சுடும் என்கிறோமே, அதே கதைதான். சுடுதிறன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

வீரர்களின் தலையை எண்ணினால் கிடைப்பது மேன்பவர், அதாவது ஆள்பலம். குறிப்பிட்ட நேரத்துக்குள் எதிரி மேல் ஒரு படை எவ்வளவு குண்டு பொழிய முடியும் என்பதுதான் ஃபயர்பவர்.

[திரையில்: சூடான் வரைபடம்]

1898 செப்டம்பர் 2. ஓம்துர்மான் நகருக்கு வெளியே பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் பிரிட்டிஷ்-எகிப்துப் படை, சுமார் 25,000 பேர். எதிரே, அப்போது சூடானை ஆண்டுகொண்டிருந்த மஹ்தியர்களின் படை, ஏறக்குறைய 50,000 பேர். வீரத்துக்கும் குறைவில்லை. ஆனால் கிச்சனரிடம் நிமிடத்துக்கு 500 குண்டுகள் வரை கக்கும் மாக்ஸிம் துப்பாக்கிகள், பீரங்கிகள், நைல் நதியில் பீரங்கிப் படகுகள். திறந்த வெளியில் பாய்ந்து வந்தவர்களால் கிச்சனரின் வரிசையை நெருங்கவே முடியவில்லை. அவர்களில் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். கிச்சனர் பக்கம் 50 பேர்கூட இல்லை. இதைப் போர் என்று சொல்லவே மனம் வரவில்லை.

[திரையில்: பிரான்ஸ், 1916]

சரி, குண்டு நிறைய இருந்தால் போதுமா? முதல் உலகப் போரில், சோம் நதிப் பகுதியில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஒரு வாரத்தில் சுமார் 15 லட்சம் குண்டுகளை வீசின. நிறைய குண்டுகள் வெடிக்கவே இல்லை. முள்கம்பி வேலி பல இடங்களில் அப்படியே நின்றது. ஆழமான பதுங்குகுழிகளில் இருந்த ஜெர்மானியர்கள், வீச்சு ஓய்ந்ததும் மெஷின் கன்னோடு மேலே வந்தார்கள். காலாட்படை முன்னேறத் தொடங்கிய ஜூலை 1 அன்று மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். அதனால்தான் ஃபயர்பவரைக் கணக்கிடும்போது எண்ணிக்கையோடு குறியும் வெடிக்கும் தரமும் சேர்கின்றன.

இலக்கணம் ரொம்பச் சுருக்கம்: எண்ண முடியாத பெயர்ச்சொல், கடைசியில் ‘எஸ்’ போட வேண்டாம். ‘சுப்பீரியர் ஃபயர்பவர்’ என்றால் எதிரியை விஞ்சிய சுடுதிறன்.

அப்புறம், போர்க்களத்துக்கு வெளியேயும் இது உலவுகிறது. பன்னாட்டு நிதியம் எவ்வளவு கடன் கொடுக்க முடியும் என்பதைக்கூடப் பொருளாதாரப் பக்கங்களில் ஃபயர்பவர் என்பார்கள். கால்பந்து வர்ணனையில் ‘லேக் ஆஃப் ஃபயர்பவர்’ என்றால் அணியில் கோல் அடிக்க ஆள் இல்லை என்று அர்த்தம். கோல்கீப்பர் எத்தனை பிரமாதமாகத் தடுத்தாலும் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.