சரிவு முதலில், கூர் பிறகு

அனைவருக்கும் வணக்கம். மரம் கடையும் இயந்திரங்களான லேத்துகள் ஓடத் தொடங்கிவிட்டால் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. அதனால் ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இன்று பச்சை மரத்தில் கிண்ணம், நாளை காய்ந்த கட்டையில் அரக்கு பூசிய சொப்பு.

தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மத்தைப் போலவே பழைய கடைசல் பட்டறையிலும் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத்தான் கட்டையைச் சுழற்றினார்கள். கட்டை எதிர்ப்பக்கம் திரும்பும் நேரம் உளிக்கு ஓய்வு. மோட்டாரில் அந்த ஓய்வு கிடையாது. 25 சென்டிமீட்டர் கிண்ணத்தை நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 94 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எத்தனை சுற்றில் ஓட்டலாம் என்று அறிய, 6000 முதல் 9000 வரையுள்ள எண்ணைக் கட்டையின் விட்டத்தால், அங்குலத்தில், வகுத்துக்கொள்ளுங்கள். 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. இன்னும் சரியாக உருண்டையாகாத கட்டையென்றால் அதற்கும் கீழே தொடங்கி, அதிர்வு அடங்கிய பிறகு ஏற்றுங்கள். உளியைத் தாங்கும் ரெஸ்டை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் லேத்தை நிறுத்தி, கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். முகம் முழுவதையும் காக்கும் கவசம் கட்டாயம்.

இனி, புதிதாக வருபவர்கள் எல்லோரும் பயப்படும் இடம்: உளி கொத்துவது. ஒரு நொடியில் உளி மரத்துக்குள் பாய்ந்து, கிண்ணம் கழன்று பறக்கும். கை பலம் போதாததால் இது நடப்பதில்லை. உளியின் கூருக்குப் பின்னால் சாணை பிடித்த சரிவு இருக்கிறதல்லவா, அது மரத்தில் படியாமல் கூர் மட்டும் தனியாகப் பட்டதால் நடக்கிறது. தாங்க ஏதும் இல்லாத கூரை மரம் கீழே இழுத்துக்கொள்கிறது. ஆகவே உளி முதலில் ரெஸ்டில் அமர வேண்டும். பிறகு சரிவின் அடி மரத்தில் உரச வேண்டும். அப்போது எதுவும் சீவப்படாது, உரசும் சத்தம் மட்டும் வரும். பின்கையை மெல்ல உயர்த்துங்கள். மெல்லிய சுருள் எழும்பும் அந்தக் கணத்தில் கையை நிறுத்துங்கள். அதுதான் சரியான கோணம். இதை மோட்டார் ஓடாமலே, ஒரு கையால் கட்டையைச் சுழற்றிப் பத்து முறை பழகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. தூண் கடையும் அகலமான கரட்டு உளியைக் கிண்ணத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அதன் கைப்பிடிக்குள் போகும் வால் மெலிந்தது. கொத்தினால் அங்கேயே ஒடியும். கிண்ணத்துக்குத் தடித்த தண்டுள்ள குழி உளிதான்.

வெட்டும் திசையும் முக்கியம். கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கியும் சீவுங்கள். அப்போது வெட்டுப்படும் நாருக்கு அடியில் இன்னொரு நார் தாங்கி நிற்கும். தூணில் இது வேறு: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. அப்படியும் கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் சொரசொரப்பு வரும். ஒவ்வொரு சுற்றிலும் உளி நாரின் முனையை எதிர்கொள்ளும் இடங்கள் அவை. உப்புத்தாளால் தேய்த்து அதை மறைக்கப் பார்க்காதீர்கள், பள்ளம்தான் விழும். உளியைச் சாணை பிடித்துவிட்டு மெலிதாக ஒரு முறை சீவுங்கள்.

சாணை பிடிக்கையில் சூடேறிய ஹை ஸ்பீடு ஸ்டீல் (சூட்டைத் தாங்கும் எஃகு) உளியைத் தண்ணீரில் முக்கக் கூடாது. கூரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

இன்றைய கட்டைகள் பூவரசும் மாமரமும். நடுத்தண்டு உள்ளே வராதபடி பிளந்திருக்கிறோம், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு 2.5 சென்டிமீட்டர், தடிமனாக விடுங்கள். நாருக்குக் குறுக்கே மரம் அதிகம் சுருங்குவதால் வட்டம் முட்டை வடிவாகும். மீண்டும் வட்டமாக்க அந்தத் தடிமன் தேவை. நார்முனைகளில் மெழுகு தடவி, சீவல்களோடு காகிதப் பையில் போட்டு, காற்றடிக்காத நிழலில் வையுங்கள். நம் வெயிலில் வெளியே வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து பிளக்கும்.

நாளைய அரக்கு வேலை கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் நம் அம்பாசமுத்திரத்திலும் நடப்பதுதான். அரக்குக் குச்சியை ஓடும் கட்டையில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகிப் பூசும். பிறகு தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வரும். மரத்தில் ஈரம் இருந்தால் அரக்கு பிடிக்காமல் உரியும்.

மாலையில் கிளம்பும் முன் கிண்ணத்தின் அடியில் மரத்தின் பெயர், தேதி, எடை மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை குறைவது நின்று சில வாரங்கள் அப்படியே இருந்தால், அதை மறுபடி லேத்தில் ஏற்றலாம்.